கூடைப்பந்தில் தரையில் கிடக்கும் பந்து: எது டிராவல், எது ஃபவுல், அடிபடாமல் எடுப்பது எப்படி?

#1 – உடற்கல்வி_டீச்சர்

வணக்கம். பள்ளி அணிகளுக்காகக் கேட்கிறேன். லூஸ் பால் (யார் பிடியிலும் இல்லாத பந்து) என்றாலே மைதானத்தில் நாலு பேர் நாலு விதி சொல்கிறார்கள். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி விளக்கம் வேண்டும்.

வெள்ளை அணி 7 பந்தைத் துரத்தி விழுகிறாள். பந்தைப் பிடித்தபடியே ஒன்றரை மீட்டர் சறுக்கிப் போகிறாள். இது டிராவலா (பந்தைப் பிடித்தபடி விதி மீறி நகர்வது)? சறுக்கி நின்ற பிறகு பந்தை விடாமல் எழுந்தால்? அதற்குள் சிவப்பு 11 பின்னாலிருந்து அவள் முதுகின் மேல் விழுந்து பந்தைப் பற்றுகிறாள். "நான் பந்தைத்தான் தொட்டேன்" என்கிறாள். இது ஃபவுலா, ஜம்ப் பாலா (இருவர் பிடியும் சமம் என்று ஆட்டத்தை நிறுத்துவது)? ஃபவுல் என்றால் ஃப்ரீ த்ரோ எப்போது, சைடு பால் (எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது) எப்போது?

இன்னொன்று. எங்கள் மைதானம் சிமெண்ட். பாய்ந்து விழுவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது சரியா?

#2 – விசில்_கையில்

முதல் இரண்டுக்கும் விதி 25 பதில் சொல்கிறது டீச்சர். பந்தைப் பிடித்தபடி விழுவது தவறில்லை. விழுந்த வேகத்தில் சறுக்குவதும் தவறில்லை, ஒன்றரை மீட்டரானாலும் மூன்று மீட்டரானாலும் சரி. படுத்தோ உட்கார்ந்தோ இருக்கும்போது பந்தைக் கைப்பற்றுவதும் சரியே. மீறல் அதற்குப் பிறகுதான் வரும்: பந்தைப் பிடித்துக்கொண்டே உருண்டாலோ, எழ முயன்றாலோ டிராவல். "முயன்றாலோ" என்பதைக் கவனியுங்கள், முழுதாக எழுந்து நிற்கும்வரை நடுவர் காத்திருக்க வேண்டியதில்லை.

தரையில் இருப்பவளுக்கு முறையான வழிகள் இவை. படுத்தபடியே பாஸ் கொடுக்கலாம். படுத்தபடியே ஷூட் பண்ணலாம். படுத்தபடியே டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) தொடங்கலாம், டிரிபிள் செய்துகொண்டே எழுந்தும் நிற்கலாம். இந்தக் கடைசி வழி பலருக்குத் தெரியாது. பந்து கையில் தங்காமல் தரையில் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தால் எழுவது குற்றமில்லை. ஆனால் விழுவதற்கு முன்பே அவள் டிரிபிளை முடித்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அது டபுள் டிரிபிள் என்ற மீறல்.

சறுக்கலும் உருளலும் பிரிவது எங்கே என்றால், உடல் தன் வேகத்தில் போனால் சறுக்கல். எதிராளியிடமிருந்து பந்தை மறைக்க வயிற்றுப் பக்கமிருந்து முதுகுப் பக்கம் திரும்பினால் உருளல். பயந்துபோய்த் திரும்பினாலும் உருளல்தான்.

#3 – கல்லூரி_கார்டு

சார், என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டத்தில் கீழே விழுந்தவுடன் டைம் அவுட் கேட்டு பந்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்களே? எங்கள் ஆட்டத்தில் அப்படிக் கேட்டால் நடுவர் கண்டுகொள்வதே இல்லை.

#4 – விசில்_கையில்

கண்டுகொள்ளக் கூடாது தம்பி. ஃபிபாவில் டைம் அவுட் கேட்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கும் முதல் துணைப் பயிற்சியாளருக்கும் மட்டும். அதுவும் மேசையில் (ஸ்கோரும் நேரமும் குறிப்பவர்களிடம்) கேட்க வேண்டும், பந்து ஆட்டத்தில் இல்லாத நேரம் போன்ற வாய்ப்புகளில்தான் கிடைக்கும். தரையில் கிடந்தபடி கையால் டைம் அவுட்டுக்கான 'டி' காட்டும் வினாடியில் எதிராளி இரண்டு கையையும் பந்தில் வைத்துவிடுவான். டி.வி.யில் பார்த்துப் பழகிய இந்தப் பழக்கத்தைப் பயிற்சியிலேயே நிறுத்துங்கள்.

அமெரிக்கப் பள்ளி விதி இன்னொரு இடத்திலும் வேறுபடுகிறது. அங்கே பந்தைப் பிடித்திருக்கும் ஆட்டக்காரரின் முழங்காலோ கைகால் அல்லாத வேறு பகுதியோ தரையில் பட்டாலே டிராவல். நமக்கு அப்படி இல்லை. இணையத்தில் கிடைக்கும் விளக்க வீடியோக்களில் பாதிக்கு மேல் அமெரிக்க விதியைப் பேசுகின்றன. எந்த விதிப்புத்தகம் என்று பார்க்காமல் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள்.

#5 – தடுப்பு_முதலில்

சிவப்பு 11 விஷயத்துக்கு வருகிறேன். "பந்தைத்தான் தொட்டேன்" என்பது கூடைப்பந்தில் தனி விலக்கு எதையும் தராது. விதி 33 சொல்வது நேரானது: தடுப்பாட்டக்காரர் பந்தை ஆட முயன்றார் என்பதற்காகப் பின்னாலிருந்து எதிராளி மேல் மோதுவது நியாயமாகிவிடாது. கை பந்தில், மார்பு அவள் முதுகில். ஃபவுல், அவ்வளவுதான்.

உருளைக் கோட்பாட்டைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு கற்பனை உருளை உண்டு. முன்னால் உள்ளங்கை வரை, பின்னால் பிட்டம் வரை, பக்கவாட்டில் கைகால்களின் வெளி ஓரம் வரை. லூஸ் பால் யாருக்கும் சொந்தமில்லை, இருவருக்கும் சம உரிமை. ஆனால் பந்தை நோக்கிப் போகும் பாதையில் முதலில் நின்றவரின் உருளைக்குள் நுழைய இரண்டாமவருக்கு உரிமை இல்லை.

அதற்காக லூஸ் பாலில் உடல் பட்டாலே விசில் என்றும் இல்லை. இருவர் ஒரே தூரத்திலிருந்து, ஒரே நேரத்தில், பந்தைப் பார்த்து ஓடி வந்து தோளும் தோளும் மோதுகின்றன. யாருக்கும் ஆதாயம் இல்லை, யாருக்கும் பாதகம் இல்லை. அது தற்செயல் மோதல். அமெரிக்கப் பள்ளி விதி இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது: சம வாய்ப்புள்ள இடத்திலிருந்து லூஸ் பாலுக்குப் போகும்போது ஏற்படும் மோதல் கடுமையாக இருந்தாலும் குற்றமாகாது. ஃபிபாவில் நடுவர் ஆதாயம்–பாதகம் பார்த்து அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்.

என்னைக் கேட்டால் மிக மோசமானது முழங்கால் உயரத்துக்குக் கீழே பாய்வது. நின்றபடி பந்தை எடுக்கக் குனிந்தவரின் முழங்காலில் பக்கவாட்டிலிருந்து ஒரு உடல் வந்து இடித்தால், ஊன்றிய கால் நகர இடமில்லை. தசைநார் அங்கேதான் கிழிகிறது. பாய்ந்தவர் பந்தை முதலில் தொட்டிருந்தாலும் கடுமையான, அளவு மீறிய மோதல் என்றால் விதி 37-இல் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ, அதோடு பந்தும் எதிரணிக்கு. ஒரே ஆட்டத்தில் இப்படி இரண்டு வாங்கினால் வெளியேற்றம்.

#6 – கல்லூரி_கார்டு

அப்படியானால் ஜம்ப் பால் எப்போது? சில நடுவர்கள் இரண்டு பேர் கை பட்டவுடனே ஊதிவிடுகிறார்கள். கொஞ்சம் விட்டால் இழுத்து எடுத்துவிடலாம் என்ற நிலையிலும் ஊதுகிறார்கள். ஆட்டம் துண்டு துண்டாகிறது.

#7 – விசில்_கையில்

கை பட்டவுடன் ஊதுவது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். விதி 12 கேட்பது "உறுதியான" பிடி. எதிரெதிர் அணியினரின் ஒரு கையோ இரு கைகளோ பந்தில் உறுதியாகப் பதிந்து, தேவையற்ற முரட்டுத்தனம் இல்லாமல் யாராலும் பந்தை எடுக்க முடியாத நிலை. ஒருவருக்குப் பிடி இருந்து மற்றவர் மேலே விரல் வைத்திருந்தால் ஹெல்டு பால் இல்லை, அதனால் ஜம்ப் பாலும் இல்லை.

ஆனால் "கொஞ்சம் விட்டால் இழுத்துவிடலாம்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருவரும் தரையில் இருக்கும்போது இழுபறி நீண்டால் மூன்றாவது ஆள் மேலே விழுகிறான், அவன் மேல் நாலாவது ஆள். முழங்கை சுழல்கிறது. முரட்டுத்தனம் இல்லாமல் எடுக்க முடியாது என்று தெரிந்த கணமே ஊத வேண்டும் என்பதுதான் விதியின் சொல்லும் நோக்கமும்.

#8 – தடுப்பு_முதலில்

இதில் நான் கல்லூரி_கார்டு பக்கம் பாதி சாய்கிறேன். நின்றபடி நடக்கும் இழுபறியில் ஒரு நொடி பொறுப்பது நியாயம். நல்ல பிடி உள்ளவள் ஒரே திருப்பில் எடுத்துவிடுவாள். தரையில் நடக்கும் இழுபறிக்கு உடனே விசில். இந்த இரண்டையும் பல நடுவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

முழங்கை பற்றி ஒரு சொல். எதிராளி மேல் படாவிட்டாலும் முழங்கையை அளவு மீறிச் சுழற்றுவது ஃபிபாவில் டெக்னிக்கல் ஃபவுல். பந்தை நெஞ்சோடு அணைத்து முழங்கையை அகட்டி நிற்கலாம். சுழலும்போது முழங்கையும் உடலும் ஒரே வேகத்தில் திரும்பினால் சிக்கல் இல்லை. உடலைவிட முழங்கை வேகமாக வீசினால்தான் சிக்கல்.

#9 – மேசை_பக்கம்

ஃப்ரீ த்ரோ கேள்விக்கு மேசையிலிருந்து பதில். "பந்து யார் கையிலும் இல்லை" என்பதும் "எந்த அணியின் கட்டுப்பாட்டிலும் இல்லை" என்பதும் வேறு வேறு. குழப்பம் முழுக்க இங்கேதான்.

விதி 14-இன்படி, ஒரு அணி பந்தைப் பிடித்தோ டிரிபிள் செய்தோ கட்டுப்பாட்டைப் பெற்றுவிட்டால், எதிரணி அதைப் பிடிக்கும் வரை, அல்லது பந்து ஆட்டத்திலிருந்து போகும் வரை, அல்லது ஷூட் செய்த பந்து கையைவிட்டு வெளியேறும் வரை கட்டுப்பாடு அந்த அணியிடமே இருக்கிறது. நழுவி உருண்டாலும், பாஸ் தட்டுப்பட்டுத் திசை மாறினாலும் அப்படியே.

இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு அணிக்கும் இந்தக் குவார்ட்டரில் 4 டீம் ஃபவுல் (அணியின் மொத்த ஃபவுல்) ஆகிவிட்டது, 5-ஆவதிலிருந்து ஃப்ரீ த்ரோ வரும்.

வெள்ளை டிரிபிள் செய்கையில் பந்து நழுவுகிறது. துரத்தும்போது வெள்ளை 4 சிவப்பைத் தள்ளுகிறாள். இது 5-ஆவது டீம் ஃபவுல். ஆனால் கட்டுப்பாடு வெள்ளையிடம் இருந்தது. எனவே ஃப்ரீ த்ரோ இல்லை, சிவப்புக்குத் த்ரோ இன், அதாவது சைடு பால்.

அதே காட்சியில் சிவப்பு தள்ளினால் வெள்ளைக்கு 2 ஃப்ரீ த்ரோ.

வெள்ளை ஷூட் செய்து, பந்து ரிங்கில் பட்டுத் தரையில் உருள்கிறது. துரத்தும்போது வெள்ளை 4 தள்ளுகிறாள். ஷூட் கையைவிட்டுப் போனதோடு கட்டுப்பாடு முடிந்துவிட்டது. ஆகவே சிவப்புக்கு 2 ஃப்ரீ த்ரோ.

முதலாவதும் மூன்றாவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் பயிற்சியாளர்கள் மேசைக்கு வந்து கோபப்படுகிறார்கள். நடுவர் ஃபவுலைக் காட்டும்போது கட்டுப்பாடு இருந்ததா என்பதையும் சைகையில் தெளிவாகக் காட்டினால் பாதிச் சண்டை வராது.

டீச்சரின் காட்சியில் வெள்ளை 7 பந்தைப் பிடித்துவிட்டாள், கட்டுப்பாடு வெள்ளையிடம். சிவப்பு 11-இன் ஃபவுல் அவர்களுடைய 5-ஆவதோ அதற்கு மேலோ ஆனால் 2 ஃப்ரீ த்ரோ, இல்லையென்றால் சைடு பால்.

ஷாட் கிளாக் (ஒரு அணி ஷூட் செய்ய உள்ள 24 வினாடிக் கடிகாரம்) இயக்குபவர்களுக்கும் இதே பாடம். எதிரணிக் கை வெறுமனே பட்டதற்கு 24 போடாதீர்கள். பிடித்தாலோ டிரிபிள் செய்தாலோ மட்டுமே புதிய 24.

#10 – மூட்டு_பார்ப்பவர்

இயன்முறை மருத்துவம் பக்கமிருந்து சிமெண்ட் தரைக் கேள்விக்கு என் பதில்: சிமெண்டில் பாய்வதைக் கற்பிக்க வேண்டாம். மரத்தளத்தில் உடல் சறுக்கி வேகம் குறைகிறது. சிமெண்டில் தோல் பிடித்துக்கொள்கிறது, உடல் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த வேகம் முழுவதையும் மணிக்கட்டும் முழங்கால் சில்லும் முகவாயும் வாங்கிக்கொள்கின்றன. விரித்த கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டின் படகெலும்பு உடையலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். கட்டைவிரலின் அடிப்பகுதிக் குழியில் அழுத்தினால் வலித்தால் "சுளுக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

மரத்தளத்தில் விழ நேர்ந்தால்: இடுப்பைத் தாழ்த்திக்கொண்டே போய், தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, முன்கை என்ற வரிசையில் தரையைத் தொட வேண்டும். முழங்காலையும் உள்ளங்கையையும் முதலில் ஊன்றக் கூடாது. தலை எப்போதும் நிமிர்ந்து, கண் எதிரே வரும் ஆள்மேல். தலையை முன்னே நீட்டிப் பாய்வதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து, ஏனென்றால் எதிரே இருப்பவரும் அதே பந்துக்குக் குனிகிறார். தலையும் தலையும், அல்லது தலையும் முழங்காலும்.

தலையில் அடிபட்டுத் தடுமாற்றமோ மந்தமோ குழப்பமோ தெரிந்தால் அன்று அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியானாலும் சரி. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டைப் பார்வை, கழுத்துவலி, கைகால் பலவீனம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனை. கழுத்து வலிக்கிறது என்றால் நகர்த்தாதீர்கள்.

விரல் நுனி மடங்கி, தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் யாரும் "சொடுக்கு" எடுக்கக் கூடாது. நிமிர்த்திய நிலையிலேயே கட்டி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

#11 – விசில்_கையில்

இதோடு விதி 5-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், பந்து வைத்திருக்கும் அணி ஷூட் செய்யும் வரையோ பந்தை இழக்கும் வரையோ நடுவர் பொதுவாகக் காத்திருப்பார். ஆனால் அடிபட்டவரைப் பாதுகாக்க வேண்டுமானால் உடனே நிறுத்த விதி இடம் தருகிறது. தலை அடிக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. சுமார் 15 வினாடிக்குள் ஆட முடியாவிட்டாலோ, மைதானத்துக்குள் சிகிச்சை நடந்தாலோ மாற்று ஆள் இறங்க வேண்டும். ரத்தம் வந்தால் நின்று, காயம் முழுதாக மூடப்பட்ட பிறகே திரும்பலாம்.

ஆட்டத்துக்கு முன்பே மோதிரம், வளையல், காதணி, கடினக் கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். விதி 4 இதைக் கேட்பதன் அர்த்தம் லூஸ் பாலில்தான் புரியும். மூன்று பேர் விரல்கள் ஒரே பந்தில் பின்னிக்கொள்ளும் இடம் அது.

#12 – தடுப்பு_முதலில்

சிமெண்ட் மைதானத்துக்கு மாற்று வழி உண்டு, அதை விதியே தருகிறது. தட்டிவிடுவது. கூட்டத்துக்கு நடுவே கிடக்கும் பந்தை வெளியே தட்டிவிட்டு, ஓடிப் போய் எடுப்பது டிரிபிள் ஆகாது. விதி 24 இதைத் தனியாகச் சொல்கிறது. எனவே எடுத்த பிறகும் டிரிபிள் மிச்சம் இருக்கிறது. நின்ற காலில், ஒரு கையால், காலியிடம் நோக்கி அல்லது தோழியை நோக்கித் தட்டு. பாய்வதைவிட இது வேகமும்கூட.

பயிற்சிக்கு ஒரு அமைப்பு. பயிற்சியாளர் எண்ட் லைனில் நிற்க, இரு பக்கமும் சுமார் 3 மீட்டர் தள்ளி இரண்டு வரிசை. பந்தை நேரே 5, 6 மீட்டர் உருட்டிவிடுங்கள். முதலில் ஒருவர் மட்டும்: பந்துக்கு அருகே கால் வந்த பிறகே கை போக வேண்டும், முழங்கால் மடிந்து, இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சுக்கு இழுத்து, ஜம்ப் ஸ்டாப் (இரு காலும் ஒன்றாக ஊன்றி நிற்பது). ஆளுக்கு 5 முறை. அடுத்து இரண்டு பேர், இரு வரிசையிலிருந்தும் ஒரே திசையில். எதிரெதிர்த் திசையிலிருந்து இருவரை ஒரு பந்துக்கு ஓடவிடும் பயிற்சியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். வீரம் வளரும் என்று சொல்லி அதை வைக்கிறார்கள், வளர்வது மோதல்தான்.

முதலில் தொட்டவருக்குப் பந்து. இரண்டாமவர் ஒரு எட்டு தள்ளி நின்று, கூடைக்கும் அவருக்கும் நடுவே தடுப்பு நிலை எடுக்க வேண்டும். இந்த "ஒரு எட்டு" பழகிவிட்டால் முதுகில் விழும் ஃபவுல் தானாகக் குறையும். தோற்ற பந்தை விட்டுவிடுவதும் பழக வேண்டிய திறமை.

தரையில் விழுந்தவளுக்கு ஒரே பழக்கம்: பந்தைப் பிடித்ததும் தோழியைத் தேடு. அருகில் உள்ள தோழி "பந்து, பந்து" என்று கத்த வேண்டும். பிடித்தவள் ஒரு வினாடிக்குள் தள்ளிவிட வேண்டும். பந்து போய்விட்டால் மேலே விழ யாருக்கும் காரணமில்லை.

#13 – உடற்கல்வி_டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கட்டுப்பாட்டு விளக்கத்தை அப்படியே எழுதி மேசையில் ஒட்டப் போகிறேன். இரண்டு பாக்கி. பந்து காலில் பட்டால்? எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகும் பந்தைக் காப்பாற்றும்போது?

#14 – விசில்_கையில்

காலில் "பட்டால்" ஒன்றுமில்லை, ஆட்டம் தொடரும். காலால் வேண்டுமென்றே உதைத்தாலோ தடுத்தாலோ மீறல், பாதம் மட்டுமல்ல, காலின் எந்தப் பகுதியானாலும். உருளும் பந்தை நிறுத்தக் காலை நீட்டுவது வேண்டுமென்றே செய்வதுதான். கால்களுக்கு இடையே பந்தை வைத்துக்கொள்வதும் கூடாது.

எல்லைக்கோட்டில்: கோடே வெளிப்பகுதி. காற்றில் இருப்பவர் கடைசியாகத் தரையைத் தொட்ட இடத்தில் இருப்பதாகவே கணக்கு. எனவே உள்ளிருந்து எம்பி, காற்றில் பந்தைப் பிடித்து, வெளியே இறங்கும் முன் உள்ளே வீசினால் பந்து உயிரோடு இருக்கிறது. வெளியே போனவர் உள்ளே காலை ஊன்றி, உடலின் எந்தப் பகுதியும் வெளியே படாமல் இருந்தால் மறுபடி பந்தைத் தொடலாம்.

தன் கூடைக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வீசாதீர்கள், எதிரணிக்கு லே அப் கிடைக்கும். முன்களத்தில் (எதிரணிக் கூடை உள்ள பாதி) இருந்து காப்பாற்றி எறிந்த பந்து நம் பின்களத்துக்கு (நம் கூடை உள்ள பாதி) போய், நம் ஆளே முதலில் தொட்டால் பேக்கோர்ட் மீறல். கட்டுப்பாடு நம்மிடம் இருந்த பந்து என்றால்தான் இது பொருந்தும். ரீபவுண்டில் (ஷூட் கூடையில் விழாமல் திரும்பும்போது) யாரும் பிடிக்காத பந்துக்குப் பொருந்தாது.

#15 – மூட்டு_பார்ப்பவர்

எல்லைக்கு வெளியே 2 மீட்டருக்குத் தடை எதுவும் இருக்கக் கூடாது என்பது ஃபிபா அளவு. நாற்காலி, தண்ணீர்க் குடம், பை, பார்க்க வந்த பிள்ளைகள், எல்லாம் அதற்கு அப்பால். கூடைக் கம்பத்துக்கு 2.15 மீட்டர் உயரம் வரை மெத்தை உறை வேண்டும். உறை வாங்க முடியாத பள்ளி, கம்பத்தில் அடர்த்தியான ஃபோம் சுற்றிக் கயிறு போட்டாவது கட்டட்டும்.

#16 – மேசை_பக்கம்

உதைத்த பந்துக்குக் கிளாக்: தடுக்கும் அணி உதைத்து, த்ரோ இன் பின்களத்தில் என்றால் 24. முன்களத்தில் என்றால், 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படியே தொடரும், 13 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 14.

ஹெல்டு பாலில் அம்பு (அடுத்து பந்து எந்த அணிக்கு என்று மேசையில் காட்டுவது) ஏற்கெனவே பந்து வைத்திருந்த அணிக்கே காட்டினால் மீதி நேரம் அப்படியே. அம்பைத் திருப்புவது த்ரோ இன் பந்தை மைதானத்துக்குள் ஒருவர் முறையாகத் தொட்ட பிறகுதான், நடுவர் ஜம்ப் பாலுக்குக் கட்டைவிரல் காட்டிய உடனே அல்ல. அந்த த்ரோ இன் நடக்கும்போது ஃபவுல் நேர்ந்தால் அம்பு திரும்பாது. த்ரோ இன் எடுக்கும் அணியே மீறல் செய்தால் திரும்பிவிடும்.